பாணி என்றொரு மரியாதை

"உன் அம்மாவை நீ எப்படிக் கூப்பிடுவாய்?"

எங்கள் வீட்டுக்காரி யூசெஃபா இதைக் கேட்டபோது நாங்கள் இருவரும் அவருடைய குசினியில் இருந்து முட்டைக்கோவா இலைகளைக் கிழியாமல் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தோம். அவர் போலந்துக்காரி. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு உடைந்தவை. அதனால் அவரோடு மட்டும் எனக்குப் பேச வரும்.

"அம்மா" என்றேன்.

"அமா." அவர் வாயில் அது பாதியாகத்தான் வந்தது. "வேறு? செல்லமாக? சின்னதாக?"

"வேறு இல்லை. அதுதான்."

"பாவம் நீங்கள். எங்களிடம் எத்தனை இருக்கிறது!" ஈரக் கையைத் துடைத்துவிட்டு விரல்களை மடித்தார். "மாமா. மாமோ. மாமுஷா. மாமுஷ்யூ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மொழியில் மாமா என்றால் அம்மாவின் தம்பி, மீசை வைத்த ஆள் என்று சொன்னேன்.

"மீசையா!" அவர் தன் மேலுதட்டைத் தடவிக் காட்டினார். அங்கே உண்மையாகவே கொஞ்சம் இருந்தது. "சரிதான். எனக்குப் பொருத்தம்தான்."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த இலையைக் கையில் வைத்தபடி கேட்டார். "இதில் அவள் எதைச் சொல்லுவாள் என்று நினைக்கிறாய்?"

அவள் என்றால் டானுட்டா. யூசெஃபாவின் மகள். இரண்டு வயது நிரம்பாத குழந்தையாகப் போலந்தில் விட்டு வந்த மகளுக்கு இப்போது முப்பத்தாறு வயது. அடுத்த கிழமை மெல்பேர்ணுக்கு வருகிறாள்.

அது எழுபத்தேழாம் ஆண்டு, கோடை முடிந்தும் வெயில் முடியாத காலம். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அப்பா கணேசலிங்கம் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் என்ஜினியர். இங்கே அவருடைய பட்டத்தை ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சன்ஷைனில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்டினார். சென்ற் ஆல்பன்ஸில் யூசெஃபாவின் வீட்டுப் பின்வளவில் இருந்த சின்னக் கட்டடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அதை இந்த ஊரில் பங்களோ என்பார்கள். முன்வீட்டைத் தங்கள் கையாலேயே கட்டி முடிக்கும்வரை யூசெஃபாவும் காலமாகிவிட்ட அவருடைய புருஷனும் அதற்குள்தான் இருந்தார்களாம். ஒரு அறை, ஒரு தகரக் கூரை. அப்பா ஊருக்கு எழுதும்போது 'நாங்கள் ஒரு பங்களாவில் இருக்கிறோம்' என்று எழுதிவிட்டார். எத்தனை வேலைக்காரர் வைத்திருக்கிறீர்கள் என்று பெரியப்பா கேட்டு எழுதினார். அதற்கு அப்பா பதில் போடவில்லை.

அம்மா இந்த வீட்டுக்குச் சம்மதித்ததற்கு ஒரே காரணம் யூசெஃபா வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னது. "வெள்ளைக்காரரிலயும் துப்புரவான ஆக்கள் இருக்கினம்" என்று அன்றைக்கே மூட்டை முடிச்சுகளை இறக்கச் சொல்லிவிட்டார்.

யூசெஃபாவை அவருடைய ஊர்க்காரர்கள் 'பாணி யூசெஃபா' என்றார்கள். பக்கத்துத் தெரு யாட்விகாவை 'பாணி யாட்விகா' என்றார்கள். அது மரியாதைச் சொல் என்று விளங்கியது. நாங்கள் அன்ரி என்பதுபோல. எங்கள் ஊரில் பாணி என்றால் பனஞ்சாற்றைக் காய்ச்சி எடுக்கிற இனிப்பு. அதனால் அம்மாவுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. பெயரை விட்டுவிட்டு வெறும் பாணி என்றே கூப்பிட ஆரம்பித்தார். நாங்களும் அப்படியே.

நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தேன். என் பெயர் யோகா. இங்கே வந்த முதல் நாளே வகுப்பில் பெயரைக் கேட்டதும் ஒரு பையன் தலைகீழாக நின்று காட்டச் சொன்னான். பிறகு தினமும் யாராவது ஒருவர் கேட்டார்கள். ஒருநாள் மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். அதற்கு மேல் கால் போகவில்லை. அப்பா கத்தினார், கெஞ்சினார், விட்டுவிட்டார். அம்மா தொழிற்சாலையிலிருந்து எடுத்து வந்து தைக்கிற சேட்டுக் கொலர்களை உள்வெளியாகப் புரட்டிக் கொடுத்தபடி வீட்டில் இருந்தேன். மற்ற நேரமெல்லாம் பாணியின் குசினியில்.

பாணி தன் கதையை ஒரேயடியாகச் சொல்லவில்லை. மாப் பிசைகிறபோது கொஞ்சம், பீற்றூட் சீவுகிறபோது கொஞ்சம். யுத்தத்தில் ஜெர்மன்காரர் கிராமத்துக்கு வந்து இளம் ஆட்களைப் பண்ணை வேலைக்குப் பிடித்துப்போனார்கள். பாணியின் முதல் புருஷன் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தான். குழந்தையைப் புருஷனின் தமக்கை மார்த்தாவின் கையில் கொடுத்துவிட்டு லொறியில் ஏறினார். யுத்தம் முடிந்தபோது நாட்டின் எல்லைகளே மாறியிருந்தன. திரும்பிப் போனவர்களைப் பற்றிப் பயங்கரமான கதைகள் வந்தன. அகதி முகாமில் இன்னொருவரைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார். வீடு வாசல் ஆனதும் பிள்ளையை இங்கே கூப்பிட்டு எடுப்போம் என்று நினைத்தார். வீடு எழும்பியபோது அந்த நாட்டின் கதவு பூட்டியிருந்தது. பிறகு பார்சல்கள்தான் போய்க்கொண்டிருந்தன.

இப்போது கதவு கொஞ்சம் திறந்திருந்தது. டானுட்டாவுக்கு மூன்று மாதத்துக்குப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. பாணி ஓர் அறைக்கு வெள்ளையடித்தார். புதுக் கட்டில் வாங்கினார். அவள் இங்கேயே தங்கிவிடுவாள் என்று நம்பினார். ஆனால் அதைவிட அவர் எதிர்பார்த்தது அந்த ஒரு சொல்லை. இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை எத்தனை தரம் அதைச் சொல்லியிருக்கும்? அவருக்கு ஞாபகம் இல்லை. அந்தக் குரலே ஞாபகம் இல்லை என்றார்.

டல்லமரீன் விமான நிலையத்துக்கு யாட்விகாவின் புருஷன் காரில் கூட்டிப்போனார். பாணி என் மணிக்கட்டை விடவேயில்லை. அதனால் நானும் போனேன். எல்லோரும் வெளியே வந்து முடிந்த பிறகு கடைசியாக டானுட்டா வந்தார். அந்த வெயிலில் தடித்த மண்ணிறக் கோட்டு. முகம் சிவந்திருந்தது. காட்டில் தானே பொறுக்கிக் காயவைத்து நூலில் மாலையாகக் கோர்த்த காளான்களைக் கொண்டுவந்திருக்கிறார். பாணிக்கென்று அவர் கொண்டுவந்தது அது ஒன்றுதான். இந்த நாட்டுக்குள் அதெல்லாம் வரக்கூடாது என்று அதிகாரிகள் வாங்கிக் குப்பைவாளியில் போட்டுவிட்டார்கள்.

"டானுஷா" என்றார் பாணி. டானுட்டாவைக் குழந்தையாக்கிக் கூப்பிட்டால் டானுஷா. அந்தப் பெயரோடு அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்புக் கழன்றுவிட்டது.

டானுட்டா குனிந்து அவருடைய கையை எடுத்து முத்தமிட்டார். பிறகு நிமிர்ந்து ஏதோ சொன்னார். எனக்கு அதில் ஒரு சொல்தான் விளங்கியது. பாணி.

திரும்பி வரும்போது யாட்விகாவின் புருஷன் இரண்டு தரம் வழி தவறினார்.

அன்று பின்னேரம் பாணி எங்கள் பங்களோவுக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அதுவரை ஒருநாளும் அப்படி வந்ததில்லை. "அவள் என்னைப் பாணி என்கிறாள்" என்றார். "நீ என்று சொல்லவேண்டிய இடத்திலும் பாணி."

நான் தமிழில் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்ல பிள்ளை. தாய்க்கு மரியாதை குடுக்கத் தெரிஞ்ச பிள்ளை. இஞ்ச பிறந்து வளந்ததுகள் தாயை 'யூ' எண்டு கதைக்குதுகள். அதைச் சொல்லு, பிள்ளை."

அதற்குள் அப்பா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுவிட்டார். விளக்கம் சொல்வதென்றால் அவருக்குத் தகடு வெட்டிய களைப்பெல்லாம் போய்விடும். தமிழில் மூன்று இருக்கிறது என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். நீ, நீர், நீங்கள். நான் என் மனைவியை நீர் என்பேன். அவர் என்னை நீங்கள் என்பார். என் மகள் எங்கள் இருவரையும் நீங்கள் என்பாள். ஒருநாளும் நீ என்று சொல்லமாட்டாள். சொன்னால் அது அன்பில்லாததால் அல்ல, வளர்ப்பில்லாததால். "உங்கள் மகளை வளர்த்தவர்கள் நன்றாக வளர்த்திருக்கிறார்கள், மேடம்."

பாணி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "உங்கள் மகள் தன் அம்மாவிடம் பேசும்போதும்?"

"எப்போதும்."

"அது தூரமில்லையா?"

"தூரமா? அதுதான் கிட்ட."

பாணி நெடுநேரம் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஒருவேளை அங்கேயும் இப்போது அப்படி ஆகியிருக்கலாம்" என்றார். "யுத்தத்துக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. நான் இல்லாத நாட்டில் என்ன பழக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

போகும்போது அம்மா கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு வந்த நாட்களை அவர் அந்த விளக்கத்தை வைத்துத்தான் ஓட்டினார். டானுட்டா கோப்பை கழுவினார், நிலம் துடைத்தார், பாணியின் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தார். குளிர்பெட்டியைத் திறக்கக்கூட அனுமதி கேட்டார். கேட்கும்போதெல்லாம் பாணி என்ற சொல் இருந்தது. அது வரும்போது பாணி என்னைப் பார்த்துத் தலையசைப்பார். 'பார்த்தாயா, மரியாதை' என்பதுபோல. நானும் தலையசைப்பேன். எனக்கு உண்மையாகவே சந்தேகம் இருக்கவில்லை. என் அம்மாவோடு நான் வேறு எப்படிப் பேசுவேன்?

பங்குனி நடுவில் யூசெஃபா என்ற பெயருக்குரிய நாள் வந்தது. அவர்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயர்நாள் பெரிது. ஒருவரையும் அழைப்பதில்லை. நாள் தெரிந்தவர்கள் எல்லாம் தாங்களாகவே வரவேண்டும். வராவிட்டால் கோபம்.

"அப்ப எங்கட செத்தவீடு மாதிரி" என்றார் அம்மா. "சொல்லாமலே போகவேணும்."

"வாயைக் கழுவும்" என்றார் அப்பா.

பாணிக்கு அந்த நாளை நினைத்துப் பயம் பிடித்துவிட்டது. ஊர்க்காரர் பதினைந்து இருபது பேர் வருவார்கள். டானுட்டா எல்லோர் முன்னிலும் பாணி என்பாள். அவர்கள் என்ன நினைப்பார்கள்? முதல்நாள் அப்பா வேலையால் வரும்வரை வளவு வாசலிலேயே காத்து நின்று அவரைப் பிடித்தார்.

"நீங்கள் நன்றாக இங்கிலிஷ் பேசுவீர்கள். படித்தவர். நாளைக்கு அவர்களுக்கு இரண்டு சொல் சொல்லுங்கள். உங்கள் நாட்டைப் பற்றி. பிள்ளைகள் தாயோடு எப்படிப் பேசுவார்கள் என்று. அன்றைக்கு எனக்குச் சொன்னீர்களே, அதே மாதிரி."

இந்த நாட்டில் அப்பாவை ஒருவர் படித்தவர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இரவு முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஒரு மைக் கிடைச்சால் காணும்" என்றார் அம்மா.

"அங்க மைக் எங்க இருக்கு?"

"அதுதான் சனத்துக்கு நிம்மதி."

மறுநாள் அப்பா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு காணேஷன் பூ வாங்கி வந்தார். வாசலில் யாட்விகா அதை வாங்கி எண்ணிப் பார்த்தார். ஒன்றை உருவி எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டார். இரட்டையாகப் பூக் கொண்டுபோவது கல்லறைக்கு மட்டும்தானாம். "மொய் வைக்கேக்க நாங்களும் ஒண்டு கூடத்தானே வைக்கிறம். எனக்கு யோசினை வரேல்லை" என்று அம்மா என் காதுக்குள் சொன்னார்.

மேசை நிறையச் சாப்பாடு. முட்டைக்கோவாச் சுருள்கள், கசகசாக் கேக், பன்றிக்கால் கூழ், பாணி எங்களுக்கென்று தனியாகச் செய்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. ஆண்கள் சின்னக் கிளாஸ்களில் குடித்தார்கள். பாடினார்கள். சிவப்புச் சட்டையில் பாணி மிகவும் அழகாக இருந்தார். டானுட்டா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தபடி இருந்தார். ஒருமுறை, பாணி உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல ஏதோ சொன்னார். மேசையின் அந்தப் பக்கத்தில் பேச்சு நின்றது. ஒரு கிழவி இன்னொரு கிழவியைப் பார்த்தார்.

பாணி அப்பாவைப் பார்த்தார்.

அப்பா எழுந்து கரண்டியால் கிளாஸைத் தட்டினார்.

"சீமான்களே, சீமாட்டிகளே" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். இலங்கையைப் பற்றிச் சொன்னார். குளங்களைப் பற்றிச் சொன்னார். எனக்குக் காது சுட்டது. பிறகு விஷயத்துக்கு வந்தார். எங்கள் மொழியில் தாயோடு மரியாதையாகவே பேசுவோம். இந்த வீட்டிலும் அதையே கண்டு மனம் நிறைந்தது. இங்கே ஒரு மகள் இத்தனை வருடம் பிரிந்திருந்த தன் தாயைப் பார்த்த முதல் கணத்திலிருந்து இன்றுவரை பாணி என்றே அழைக்கிறாள். ஒருநாளும் தவறியதில்லை. உலகத்தின் இரண்டு மூலைகளில் இருக்கிற இரண்டு பழைய பண்பாடுகள் இந்த இடத்தில் கை குலுக்குகின்றன.

அம்மா மட்டும் கை தட்டினார். இரண்டு தட்டு. பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு யாரோ மெதுவாக மொழிபெயர்த்தார்கள். அது மேசையைச் சுற்றிப் போவதைப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு முகமாகத் தட்டை நோக்கிக் குனிந்தது. பாணி மட்டும் குனியவில்லை. சிரித்தபடி எல்லோரையும் பார்த்தார். யாராவது ஆமாம் என்று சொல்வார்களா என்று பார்த்தார்.

டானுட்டா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார். இந்தப் பயணத்துக்காக இரவு வகுப்பில் ஆங்கிலம் படித்தவர் அவர். மெதுவாக, பிழையில்லாமல் பேசுவார்.

"மன்னிக்க வேண்டும், சேர்" என்றார் அப்பாவிடம். "நீங்கள் நல்லவர். ஆனால் அது சரியில்லை. போலந்தில் அம்மாவை மாமா என்போம். பாணி என்பது தெரியாத பெண்ணுக்கு. கடைக்காரிக்கு. ட்ராமில் டிக்கெட் கிழிக்கிறவளுக்கு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பிழையான விலாசம் சொன்ன ஒருவருக்குச் சரியான தெருவைக் காட்டுவதுபோலச் சொன்னார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

பாணி எழுந்தார். "தேத்தண்ணி போடுகிறேன்" என்று சொல்லிக் குசினிக்குப் போனார். நான் பின்னால் போனேன். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு அதன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். தண்ணீர் வைக்க மறந்திருந்தார். யாட்விகா வந்து அடுப்பை அணைத்தார்.

"உன் அப்பனுக்கு வாய்க்குள் நாக்குக்குப் பதிலாக மண்வெட்டியா இருக்கிறது?" என்று யாட்விகா என்னிடம் ஆங்கிலத்தில் சீறினார். "எங்களுக்குத் தெரியாதென்றா நினைத்தான்? வந்த நாளிலிருந்து தெரியும். தெரியாததுபோல இருந்தோம். அதுதான் மரியாதை."

"அவரைத் திட்டாதே" என்றார் பாணி. "நான்தான் கேட்டேன்."

அன்றிரவு பங்களோவில் அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "கடைக்காரிக்கோ..." என்று ஒருதரம் சொன்னார். அம்மா அவருக்குச் சாப்பாடு போட்டு மூடிவைத்தார். காலையிலும் அது மூடியபடியே இருந்தது.

டானுட்டா பயணத் திகதியை மாற்றிவிட்டார். மூன்று மாதம் என்றது அடுத்த ஞாயிறு என்றாயிற்று.

வெள்ளிக்கிழமை பின்வளவில் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காற்றுக்குச் சுற்றுகிற அந்தக் கம்பிக் கொடியின் மறுபக்கத்தில் டானுட்டா தன் சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பேசாத ஆளிடம் பேசுவது சிலருக்குச் சுகம்போலும்.

"எனக்குப் பார்சல் வரும்" என்றார். "சட்டைகள். நல்ல துணி. கிராமத்தில் ஒருவரிடமும் அப்படி இருக்கவில்லை. ஆனால் எப்போதும் சின்னது. பத்து வயதில் ஆறு வயதுச் சட்டை வரும். அவருடைய மனதில் நான் வளரவேயில்லை. மார்த்தா இரண்டு சட்டையைப் பிரித்து ஒன்றாகத் தைப்பாள். மார்த்தாவைத்தான் நான் மாமா என்றேன்."

கொடி சுற்றியது. அவருடைய முகம் ஒரு படுக்கைவிரிப்புக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்தது.

"போன வருடம் அவள் செத்துப்போனாள். புற்றுநோய். வலிக்கு அவள் பயப்படவில்லை. ஒன்றுக்குத்தான் பயந்தாள். ஒருநாள் நான் இங்கே வந்து அந்தச் சொல்லை இவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று. கொடுக்கமாட்டேன் என்று சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் தூங்கினாள்."

"அப்படியென்றால் ஏன் வந்தீர்கள்?" அது என் வாயிலிருந்துதான் வந்தது.

டானுட்டா ஒரு சட்டையை நெஞ்சோடு சேர்த்து மடித்தார். "மார்த்தா போன பிறகு என்னை டானுஷா என்று கூப்பிட ஒருவரும் இல்லை. அலுவலகத்தில் நான் பாணி டானுட்டா. கடையில் பாணி. வீட்டில் ஒருவரும் இல்லை. இவருடைய கடிதங்களில் மட்டும் டானுஷா இருக்கும். அதை ஒருதரம் காதால் கேட்கவேண்டும்போல இருந்தது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "கேட்டேன். தினமும் காலையில் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறார். நான் விழித்துத்தான் இருப்பேன். இரண்டாம் தரமும் கூப்பிடட்டும் என்று பேசாமல் படுத்திருப்பேன். ஆனால் அதற்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லையே."

இதை நான் பாணியிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு அன்று பின்னேரமே போனேன். மார்த்தாவுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். டானுஷா என்று கூப்பிடுவது அவருக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தார் என்று சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அந்த நாட்டில் ஒருவரிடமும் பேசியதில்லை.

பாணி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டார். மார்த்தா என்றபோது மட்டும் கத்தி நின்றது. நான் முடித்ததும் என் கன்னத்தை ஈரக் கையால் தொட்டார்.

"நீ நல்ல பிள்ளை" என்றார். "உன் அப்பா என்னைத் தேற்றினார். இப்போது நீ தேற்றுகிறாய்."

"இல்லை பாணி, இது உண்மை. அவரே சொன்னார்."

"மரியாதை என்று சொன்னபோதும் உண்மை என்றுதானே சொன்னீர்கள்."

என் கையிலிருந்த சொற்கள் எல்லாம் முடிந்துபோயிருந்தன.

"அவள் இறந்தவளுக்கு வாக்குக் கொடுத்தவள்" என்று பாணி தொடர்ந்தார். "நான் டானுஷா, டானுஷா என்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அது ஒரு கேள்வி. பதில் தா, பதில் தா என்று. கடன் கொடுத்தவள் மாதிரி. அவளிடம் இல்லை. இல்லாதவளிடம் எத்தனை தரம் கேட்பது? பெற்றதைத் தவிர நான் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. போகிற நாளிலாவது அவளை நிம்மதியாக விடுகிறேன்."

"பாணி, கூப்பிடுங்கள். நிறுத்த வேண்டாம்" என்றேன். அவர் உருளைக்கிழங்குத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை என்னை உதவிக்கு வரச் சொல்லியிருந்தார். நான் போனபோது மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. விருந்தாளிகளுக்கென்று கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும் கோப்பைகள் வெளியே வந்திருந்தன. பாணி அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டிருந்தார். தலை படிய வாரியிருந்தார். அழுத முகமாக இருக்கவில்லை. தீர்மானம் எடுத்துவிட்ட முகமாக இருந்தது.

அன்று அவர் கதவுக்கு வெளியே போய் நிற்கவில்லை. கூப்பிடவில்லை. அறைக்குள்ளிருந்து கட்டில் ஸ்பிரிங் சத்தம் ஒருதரம் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகுதான் கதவு திறந்தது.

டானுட்டா மண்ணிறக் கோட்டோடு வந்தார். பெட்டியைச் சுவரோரம் வைத்தார். மேசைத் துணியைப் பார்த்தார். கோப்பைகளைப் பார்த்தார். தயங்கி உட்கார்ந்தார். வெளியே யாட்விகாவின் புருஷன் காரை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார்.

நான் பாண் துண்டுகளை வைத்துவிட்டு அடுப்படியில் ஒதுங்கினேன். பாணி தேத்தண்ணிச் சாடியைக் கையில் எடுத்தார். மிகவும் மென்மையாக, தலையைக் கொஞ்சம் சாய்த்து, தேத்தண்ணி ஊற்றட்டுமா என்று மகளிடம் கேட்டார். போலந்து மொழி எனக்குத் தெரியாவிட்டாலும் அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. அதில் டானுஷா இருக்கவில்லை. டானுட்டாவும் இருக்கவில்லை.

பாணி என்று இருந்தது.

டானுட்டா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். இரண்டு வயதுக் குழந்தை போகிற லொறியை எப்படிப் பார்த்திருக்கும் என்று எனக்குத் தெரியாது; இப்படித்தான் இருக்கும் என்று பட்டது. வாய் கொஞ்சம் திறந்தது. ஏதோ ஒரு சொல் வரப்போகிறது என்று நினைத்தேன். பாணி சாடியைச் சாய்த்தபடி, அவளை நிம்மதியாக விட்டுவிட்டேன் என்ற அமைதியில் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

கோப்பை நிரம்பியது. ஆவி எழுந்தது.

டானுட்டா அதைத் தொடவில்லை. கதிரையைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்தார். கோட்டின் மேல் பொத்தான்வரை பூட்டிக்கொண்டார். பெட்டியைத் தூக்கினார். வாசலில் குனிந்து வீட்டுச் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சேர்த்து வைத்துவிட்டுத் தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார்.